நன்றி மலைக்கு, பழி எனக்கு

சித்தூர்ப் பக்கத்தில் மாம்பழ சீசனும் அட்மிஷன் சீசனும் ஒன்றாகத்தான் வரும். மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்குகிற சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடத்தை மட்டும் என்னைக் கேட்டு வாங்குகிறார்கள். நான் வாத்தியார் இல்லை. திருப்பதியில் தபால் இலாகாவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வழி தெரியும் என்பதே என் தகுதி.

நகரி, புத்தூர், சித்தூர் என்று எங்கிருந்து வந்தாலும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். முதலில் கக்கூஸைப் பார். வேனில் எவ்வளவு நேரம் பிள்ளை குலுங்க வேண்டும் என்று கேள். கட்டும் காசுக்கெல்லாம் ரசீது உண்டா என்று விசாரி. தலையை ஆட்டிவிட்டுப் போய், வாசலில் பெரிய போர்டு வைத்த பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். போர்டில் டெக்னோ இருக்கும், ஒலிம்பியாட் இருக்கும், எல்கேஜியிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் இருக்கும். பையனுக்கு இன்னும் டிராயர் பட்டன் போடத் தெரியாது. 2015இல் திருப்பதிக்கே ஐஐடி வந்தபிறகு அப்பாக்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ஐஐடி ஏர்ப்பேட்டுலதானே மாமா, வீட்டுச் சாப்பாடு கட்டிக்கிட்டு பஸ்லயே போயிட்டு வந்திடுவான்" என்கிறான் ஒருவன். சீட்டு கிடைத்துவிட்டது, டிபன் பாக்ஸ்தான் பாக்கி.

வித்தியாசமாக ஏதாவது சொல்லலாமே என்று ஒரு தாத்தாவிடம் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலிப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். அதை நிறுவிய தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரே மதனப்பள்ளிதான், பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடவே கூடாது என்றவர் அவர் என்று விளக்கினேன். தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒப்பிடலேன்னா நம்ம பேரன் ஃபர்ஸ்டுன்னு மத்தவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கிருஷ்ணமூர்த்தி இருந்திருந்தாலும் கொஞ்சம் திணறியிருப்பார்.

என் சொந்த யோசனை ஒன்று உண்டு. காணிப்பாக்கம் விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. குளத்தில் முங்கி எழுந்து பிரமாணம் செய்தால் பங்காளி வழக்கே தீர்ந்துவிடும். ஜூன் மாதத்தில் கரஸ்பாண்டன்ட்டுகளை அங்கே கூட்டிப்போய், "சொன்ன ஃபீஸுக்கு மேல் பைசா கேட்க மாட்டோம்" என்று சொல்லச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் சளி பிடித்திருக்கிறது, தண்ணீரில் இறங்க முடியாது என்பார்கள்.

இனி நன்றி விஷயம். பிள்ளை நன்றாகப் படித்தால் குடும்பமே மலையேறி மொட்டை போடும். படிக்காவிட்டால் எனக்கு ஃபோன் வரும். யோசித்தால் பெருமாளைக் குறை சொல்ல முடியவில்லை. திருமலையில் எஸ்.வி. உயர்நிலைப்பள்ளி, கீழே எஸ்.வி. கலைக்கல்லூரி, 1954இல் தொடங்கிய எஸ்.வி. பல்கலைக்கழகம் எல்லாம் அவர் பெயரில். தாயார் பெயரிலும் 1983 முதல் ஒரு மகளிர் பல்கலைக்கழகம் நடக்கிறது. இவ்வளவு பெரிய கல்வித் தந்தை இருக்கும் ஊரில் எனக்கு எவன் நன்றி சொல்வான்? அரசாங்கமும் அப்படித்தான். 2020 ஜனவரியில் சித்தூரில் தொடங்கிய அம்ம ஒடி திட்டத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆட்சி மாறி இப்போது தல்லிகி வந்தனம். இரண்டிலும் பணம் அம்மாக்கள் கணக்கில்தான். பள்ளிக்கூடம் காட்டிய மாமாவுக்கு எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

ஒன்றுமே தருவதில்லை என்று சொன்னால் பாவம். மலையிலிருந்து இறங்கும்போது தவறாமல் என் வீட்டுக்கு வந்து, மொட்டைத் தலையோடு கும்பிட்டு, "உங்களுக்காகவே வாங்கினோம் மாமா" என்று ஒரு லட்டு தருகிறார்கள். திருநெல்வேலிக்கே அல்வா கொடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். திருப்பதியில் குடியிருப்பவனுக்கு லட்டு! ஃப்ரிட்ஜில் இடமில்லை, டாக்டர் வேறு சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வருகிற மே மாதம் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: நன்றியைத் தாராளமாக மலையிலேயே செலுத்திவிடுங்கள். எனக்கு மணப்பாறை முறுக்கு போதும்.