குப்பிக்குள் மார்க்கண்டேயன்

1937-ஆம் வருஷம் ராஜாஜி அவர்கள் மதுவிலக்கை முதன்முதலாக அமலுக்குக் கொண்டுவந்த சேலம் ஜில்லாவிலே, காப்பியைத் தவிர வேறெந்த லாகிரியையும் அறியாத ஒரு குடும்பத்தில் பிறந்து, 58 வயது வரையில் அந்தக் கௌரவத்துக்குப் பங்கமின்றி வாழ்ந்துவந்த நான், எடின்பரோ நகரத்தில் ஒரு நவம்பர் மாதத்து மழைநாளில் மதுக்கடை வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தேன் என்றால், அதற்கு உத்தரவாதம் நானல்ல. அந்த ஊர்க் குளிரும், அங்கே பட்டம் பெற்ற என் தமக்கையின் குமாரனுமே. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு சிங்கிள் மால்டைப் பார்க்காமல் போகலாமா, மாமா?” என்று அவன் கேட்டான். பார்ப்பதோடு சரி என்ற நிபந்தனையின் பேரில் நானும் இசைந்தேன்.

‘சிங்கிள்’ என்றதும், நம் ஊர்த் தேநீர்க்கடையின் சிங்கிளைப் போல அளவில் சிறியதாகவும் விலையில் சல்லிசாகவும் இருக்கும் என்று நான் கொண்டிருந்த எண்ணம், விலைச்சீட்டைக் கண்ட மாத்திரத்தில் தகர்ந்தது. முளைகட்டிய பார்லியை மட்டுமே கொண்டு, ஒரே வடிசாலையில், செப்பு வாலைகளில் வடித்து, ஸ்காட்லாந்து மண்ணிலேயே ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தபட்சம் 3 வருஷமாவது உறங்கவைத்த விஸ்கிக்குத்தான் அந்தப் பெயராம். ‘சிங்கிள்’ என்பது வடிசாலையைக் குறித்ததேயன்றி அளவைக் குறித்ததல்ல.

கூரை வரையில் அடுக்கியிருந்த புட்டிகளில் பாதிக்கு மேல் ‘க்ளென்’ என்றே தொடங்கின. எல்லாரும் ஒரே வம்சத்தார் போலும் என்று நினைத்தேன். கேலிக் பாஷையில் அது பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல் என்று மருமான் திருத்தினான். பட்டியும் பாளையமுமாக நிறைந்த ஜில்லாவிலிருந்து போனவனுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுத்திலே ‘எஸ்’ஸைப் போட்டுவிட்டு வாயிலே அதை விழுங்கி ‘ஐலா’ என்று அழைக்கும் தீவின் பெயரைக் கேட்டபோது மட்டும், ழகரம் பழகிய என் நாவும் சற்றே தளர்ந்தது.

அடுத்து வயதுப் பிரச்சினை. 12 வருஷத்துச் சரக்கு ஒரு விலை. 18 வருஷத்துச் சரக்கு அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேலே. 12 வருஷத்தை வாங்கி, வீட்டு அலமாரியில் 6 வருஷம் பத்திரப்படுத்திவிட்டால் வித்தியாசத் தொகை முழுவதும் லாபந்தானே என்று, உத்தியோகக் காலமெல்லாம் கணக்கோடு உழன்ற என் புத்தி ஒரு யுக்தியைக் கண்டுபிடித்தது. மருமான் தலையில் அடித்துக்கொண்டான். “பீப்பாயில் இருக்கும்போதுதான் மாமா அதற்கு வயசு ஏறும்; புட்டிக்குள் புகுந்துவிட்டால் என்றைக்கும் 12 தான்!” மார்க்கண்டேயனுக்கு வாய்த்த வரம் இந்தச் சரக்குக்கும் வாய்த்திருக்கிறது, நம் முதல்தான் முடங்கிப்போகிறது. அது மட்டுமன்று. பீப்பாயில் உறங்கும் காலத்தில் வருஷந்தோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு போல ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுமாம். அதைத் தேவதூதர்களின் பங்கு என்கிறார்கள். வேள்வியின்றியே அவிர்ப்பாகம் அனுப்பும் அந்தச் சீமையின் பக்தியை நான் மெச்சினேன்.

கடைக்காரர் நரைத்த மீசையும் கம்பளிச் சட்டையுமாக, பள்ளிக்கூட உபாத்தியாயரைப் போலிருந்தார். எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய் என்று கேளாமல், என்ன ருசி உனக்குப் பிடிக்கும் என்று அவர் கேட்டது எனக்குப் புதுமையாக இருந்தது. டிகாக்ஷன் திக்காக, சர்க்கரை பாதியாக, நுரை ததும்பும் காப்பியை நான் வர்ணிக்க, மருமான் மொழிபெயர்க்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “முதல் புட்டிக்கு ஸ்பேசைடு பிரதேசத்துச் சரக்கு போதும்; புகை பிற்பாடு” என்றார். வேண்டாம் என்றதைத்தானே மனம் நாடும்? பார்ப்பதோடு சரி என்ற நிபந்தனை அங்கேயே முறிந்தது. புகையைத்தான் காட்ட வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடிக்க, ஐலாத் தீவின் சரக்கொன்றைக் கடுகளவு ஊற்றிக் கொடுத்தார். பீட் என்னும் சதுப்பு நிலத்து மட்கை எரித்து, அந்தப் புகையிலே முளைப் பார்லியை உலர்த்துவார்களாம். மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், மூன்றாம் வகுப்பில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட அன்று, சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் டிங்க்சரைத் தடவ, நான் போட்ட கூச்சல் முழுவதும் என் செவியிலே திரும்ப ஒலித்தது.

முகம் சுளித்த என்னைத் தேற்றும்பொருட்டு அவர் ஒரு சரித்திரம் சொன்னார். அதே ஸ்பேசைடில், திருட்டுத்தனமாய் வடிப்பவர்கள் மலிந்திருந்த க்ளென்லிவெட் பள்ளத்தாக்கிலே, 1823-இல் புதுச் சட்டம் வந்ததும், 1824-இல் முறைப்படி லைசென்ஸ் எடுத்தவர் ஜார்ஜ் ஸ்மித். வடிசாலையைக் கொளுத்திவிடுவோம் என்று அண்டை அயலார் மிரட்டியதால், இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு திரிந்தாராம். சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதற்காகத் துப்பாக்கி ஏந்திய ஒரு மனுஷருடைய சரக்கை வாங்குவது, மதுவிலக்கு ஜில்லாக்காரனுக்கும் தோஷமாகாது என்று என் மனச்சாட்சி உடனே தீர்ப்புச் செய்தது. 12 வருஷத்து க்ளென்லிவெட் ஒன்று கட்டப்பட்டது. ஐந்தாறு சொட்டு நீர் விட்டால் வாசனை மலரும் என்பது கடைக்காரரின் கடைசி உபதேசம்.

ஊர் திரும்பி, “இது குளிருக்கு மருந்து” என்று சொல்லிப் புட்டியை அலமாரியில் வைத்தேன். என் மனைவி மூடியைத் திறந்து முகர்ந்து, “மருந்து இப்படியா பழமும் தேனுமாய் மணக்கும்?” என்றாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு ஞானோதயம் உண்டாயிற்று: ரசனைக்கு ஸ்பேசைடு உகந்ததாயிருக்கலாம், குடும்பஸ்தனுக்கு ஐலாவே க்ஷேமம்.

இரண்டு மாதம் கழித்து மருமான் வந்தபோது புட்டியை எடுத்தால், நான் தொடாத சரக்கு நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. தேவதூதர்களால் கண்ணாடியை ஊடுருவ முடியாது என்று மருமான் சத்தியம் செய்தான். விசாரித்ததில், முழங்கால் வலிக்கு அந்த மருந்தைத்தான் தினமும் உபயோகிப்பதாகவும், நல்ல குணம் தெரிவதாகவும் மனைவி சொன்னாள். மேற்பூச்சாகவா உட்கொண்டா என்று நானும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.