வெளுத்துப் போன மின்னல்

செங்கல்பட்டுக்காரர்களுக்கு மின்னல் ஒன்றும் அபூர்வச் சரக்கு இல்லை. ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் காய்ச்சி எடுக்கும். மாலையானால் மேற்கே காஞ்சிபுரம் பக்கம் மேகம் முட்டிக்கொண்டு எழும். கொளவாய் ஏரிக்கு மேல் வந்து இடிக்கும், கரண்ட் போகும், கொசு வரும். மழை நம்மை விட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரத்துக் கடலில் போய் இறங்கிவிடும். ஐப்பசி பிறந்துவிட்டால் எதிர்த் திசை. கடலில் கிளம்பும் இடி, விடியற்காலையில் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டும்.

இந்தப் போக்குவரத்தைப் படம் பிடிக்கத்தான் என் சித்தப்பா கேமரா வாங்கினார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கேமராவுக்குப் போன பணம் சித்தியின் வளையலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

ஒரு பிரதோஷத்தன்று, திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீஸ்வரரைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், கூடவே ட்ரைபாடையும் எடுத்துக்கொண்டார். மலைமேல் இருக்கும் அந்தக் கோயிலில் இந்திரனே இடியாக இறங்கி பூஜை செய்வதாக ஐதீகம். "இந்திரன் வர்ற ஊருக்குக் கேமரா இல்லாம போனா நல்லாவா இருக்கும்?" என்பது அவர் வாதம். அன்று இந்திரனுக்கு வேறு வேலை போலிருக்கிறது. சித்தப்பா அப்படியே மாமல்லபுரம் போய், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் கடை விரித்துவிட்டார்.

ராத்திரி வாட்ஸப்பில் படம் வந்தது. கூடவே உத்தரவும் வந்தது: "கொஞ்சம் ஓவராயிடுச்சு. டீடெய்ல் மட்டும் எடுத்துக் குடு."

போன் போட்டேன். "கோயில் எங்க இருக்கு சித்தப்பா?"

"நடுவுல வெள்ளையா ஒண்ணு இருக்கா? அது மின்னல். அதுக்குப் பக்கத்துல வெள்ளையா இருக்கே, அதான் கோயில்."

"கீழ இடது மூலையிலயும் ஒரு வெள்ளை இருக்கே?"

சற்று மௌனம். "அது நுரை. அலை நுரை."

ராஜசிம்ம பல்லவன் கருங்கல்லில் கட்டி, ஆயிரத்து முந்நூறு ஆண்டு உப்புக்காற்றுக்கும் கரையாத கோயிலை, இருபது விநாடியில் கரைத்துவிட்டிருந்தார். ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் முழுக்கத் திறப்பு. "மின்னல் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுதுடா. வர்ற வெளிச்சத்த மொத்தமா வாங்கிக்க வேணாமா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷட்டரை இரண்டு விநாடி திறந்தாலும் இருபது விநாடி திறந்தாலும் மின்னல் தரும் வெளிச்சம் ஒன்றுதான். மூன்று நான்கு வெட்டு வெட்டிவிட்டு, அரை விநாடிக்குள் அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது. திறந்திருக்கும் மிச்ச நேரம் முழுக்க உள்ளே வருவது கோயிலின் விளக்கொளியும் ஓட்டல் பல்பும்தான். மின்னலின் அளவை முடிவு செய்வது துவாரமும் ஐஎஸ்ஓவும். அவை இரண்டையும் சித்தப்பா வாசல் கதவு மாதிரி திறந்து வைத்திருந்தார்.

மின்னல் ஓடும் தடத்தின் அகலம் சில சென்டிமீட்டர்தான். அதற்குள் சுமார் 30,000 ஆம்பியர், சுமார் 30,000 டிகிரி சூடு. சூரியனின் மேற்பரப்பை விட ஐந்து மடங்கு. சித்தப்பாவின் படத்தில் அது ஜி.எஸ்.டி. ரோடு அகலத்துக்கு இருந்தது. சுங்கச்சாவடி ஒன்றுதான் பாக்கி.

டீடெய்ல் எடுப்பது என்றால் என்ன என்பதை அவர் சினிமாவில் கற்றிருந்தார். அதில் போலீஸ் அதிகாரி "ஜூம் பண்ணு, இன்னும் பண்ணு" என்பார். மங்கலாகத் தெரிந்த சிசிடிவி படத்தில் லாரியின் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரியும். நிஜம் வேறு. நம் ஜேபெக் படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. அதற்கு மேல் எண் கிடையாது. 30,000 டிகிரி மின்னலும் 255, வெளிச்சம் விழுந்த சித்தப்பாவின் கதர் வேட்டியும் 255. அந்தக் கட்டம் நிரம்பியபின் வழிந்ததெல்லாம் வழிந்ததுதான். அதைக் கணக்கில் யாரும் எழுதி வைக்கவில்லை.

லைட்ரூமில் ஹைலைட்ஸ் பட்டையை மைனஸ் 100க்கு இழுத்துப் பார்த்தேன். வெள்ளை மின்னல் சாம்பல் மின்னலாயிற்று. தகவல் அதேதான், நிறம் மட்டும் துக்கம் அனுசரித்தது.

வேறு வழி ஒன்று உண்டு. வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பிய நிலை. மின்னலோ கொஞ்சம் நீலம் கலந்தது. அதனால் விளிம்புகளில் நீலம் முதலில் வழியும், சிவப்பு அப்போதும் நிரம்பாமல் இருக்கும். ஜிம்ப்பில் சிவப்பு சேனலை மட்டும் தனியே கறுப்பு வெள்ளையாகத் திறந்தேன். ஜி.எஸ்.டி. ரோடு சட்டென்று ஒடுங்கியது. இடப்பக்கத்தில் மூன்று மெல்லிய கிளைகள். அதில் ஒன்று பாதி வழியில் மனம் மாறி மேலே திரும்பியிருந்தது. மேகத்தின் அடிவயிறு லேசாகத் தெரிந்தது. அந்த சேனலை மேல் அடுக்காக வைத்து, மல்ட்டிப்ளையில் போட்டு, வெளிச்சப் பகுதிக்கு மட்டும் பொருந்துமாறு முகமூடி கட்டினேன். இதுதான் மீட்பு. மற்றதெல்லாம் வர்ணம் பூசுவது.

அனுப்பினேன். பதில்: "மின்னல் மாதிரியே இல்லையே. மடிச்சு மடிச்சு வரணுமே."

டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓட்டுக்கு மேலே மின்வாரியம் போட்டிருக்குமே, அந்த மின்னல் வேண்டுமாம். இந்த வியாதி பழையது. ஐரோப்பிய ஓவியர்களும் காலங்காலமாக அப்படித்தான் கோணல் மாணலாக வரைந்தார்கள். 1882இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் மின்னலைப் படமெடுத்துக் காட்டியபோதுதான், அது ஆற்றின் கிளைகள்போலப் பிரிந்தோடுகிறது என்று ஊருக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நம் பல்லவச் சிற்பி இந்த வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டான். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபம் போய்ப் பாருங்கள். இந்திரன் கோபித்துக்கொண்டு பேய்மழை கொட்டுகிறான், கண்ணன் மலையைத் தூக்கி நிற்கிறான். கல்லில் மின்னலைக் காணோம், ஒரு சொட்டு மழையைக் காணோம். மாடு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது, ஒருவன் சாவகாசமாகப் பால் கறக்கிறான். டீடெய்ல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கேமராவின் கார்டையாவது பார்ப்போம் என்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கடைக்காரப் பையன் புண்ணியவான், கேமராவை ஜேபெக்கோடு ரா ஃபைலும் சேர்த்துப் பதியும்படி வைத்துக் கொடுத்திருக்கிறான். "அது எதுலயும் தொறக்க மாட்டேங்குது, வேஸ்ட்டுன்னு நெனச்சேன்" என்றார் சித்தப்பா. 256 படிகளுக்குப் பதில் அதில் 16,384 படிகள். ஃபிலிம் காலத்தில் வெளிச்சம் கூடினால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. நெகட்டிவ் கறுத்துப் போனாலும், டார்க் ரூமில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டி இழுத்துப் பிடிக்கலாம். டிஜிட்டலோ இருட்டை மன்னிக்கும், வெள்ளையை மன்னிக்காது. ரா ஃபைல் மட்டும் கொஞ்சம் இளகிய மனம் கொண்டது.

எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் இறக்கினேன். கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்களும் படிப்படியாக எழுந்து வந்தன. மேகம் சுருள் சுருளாகப் பிரிந்தது. மின்னலின் நடுத்தண்டு வெள்ளையாகவே நின்றது, நிற்கட்டும் என்று விட்டேன். சூரியனின் மேற்பரப்பை விடச் சூடான ஒரு வஸ்து பழுப்பாகத் தெரிந்தால் அதற்கு என்ன மரியாதை?

சித்தி காபியோடு வந்து பின்னால் நின்றாள். "இடி இடிக்கறப்ப வெட்டவெளி மணல்ல, இரும்புக் கம்பியப் பக்கத்துல வச்சுக்கிட்டு நின்னிருக்காரு. படம் வந்தா என்ன, வராட்டி என்ன, ஆளு வந்தாரே." நியாயம். நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் அது ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த நேரத்தில் ட்ரைபாடை விட்டுவிட்டு காருக்குள் ஓட வேண்டும். 'தாமினி' செயலியைச் சித்தப்பாவின் போனில் நானே போட்டுக் கொடுத்திருந்தேன். மின்னல் வரும்போது எச்சரிக்கும் என்று சொன்னதை, எந்தப் பக்கம் போனால் படம் கிடைக்கும் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

இதற்குள், இறக்கிய எக்ஸ்போஷர் தன் பாட்டுக்கு இடது மூலையையும் தெளிவாக்கியிருந்தது. நுரை வட்டமாக இருந்தது. விளிம்பில் நெளிநெளியாக மடிப்பு. காகிதத் தட்டு. தட்டில் வெங்காயம், ஒரு எலுமிச்சைத் துண்டு, நடுவே மிளகாய்த்தூள் பூசி வறுத்த வஞ்சிரத் துண்டு இரண்டு. சற்று மங்கல்தான், இருந்தாலும் சிவப்பு சேனலில் பிரமாதமாக வந்திருந்தது.

சித்தி குனிந்து பார்த்தாள். "பிரதோஷத்துக்கு வேதகிரீஸ்வரர் கோயில்ல இப்பல்லாம் இதான் பிரசாதமா?"

வளையல் பேச்சு அதன் பிறகுதான் ஆரம்பித்தது. சித்தப்பா என் காதருகே வந்து, "டேய், மின்னல் எக்கேடோ கெட்டுப் போகட்டும். அந்த மூலைய மட்டும் பழையபடி ஓவராக்கிடு" என்றார். செய்துகொடுத்திருப்பேன். ஆனால் சித்தி அதற்குள் திரையைத் தன் போனில் படமெடுத்து, அக்கா தங்கைகள் குழுவில் போட்டுவிட்டாள். அங்கே இதுவரை யாரும் மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் எந்தக் கடையில் வாங்கியது என்றுதான் விசாரணை நடக்கிறது.