படிப்புக்காக ஒரு பிசி

அப்பாவிடம் சொன்ன காரணம் இன்ஜினியரிங் படிப்பு. கையில் 50,000 ரூபாய். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கால் வைத்ததும் அதில் பாதியை கிராபிக்ஸ் கார்டு விழுங்கிவிடும். அது நியாயம்தான், கேமை இழுப்பது அதுதானே. அடுத்து ஆறு கோர் ரைசன் 5 5600 பிராசசர். இதுவும் சரியான தேர்வு. பையன் விவரமானவன்தான், இதுவரைக்கும்.

பிறகு பணம் இடிக்கிறது. எதில் கை வைப்பது? கண்ணில் படாத பவர் சப்ளையில்.

"தம்பி, 80 பிளஸ் போட்டதா எடுங்க" என்கிறார் கடைக்காரர். அந்த முத்திரையே மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளிருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுளுக்கு அது ஜாதகம் இல்லை. தம்பி அதுகூட இல்லாத பெட்டியை எடுக்கிறார். மிச்சமான காசில் வண்ண வண்ணமாய் ஒளிரும் நான்கு ஃபேன்கள். விளக்கு எரிந்தால் ஃபிரேம் ஏறும் என்பது ஐதீகம்.

மானிட்டர் பட்ஜெட்டிலேயே இல்லை. ஹாலில் அம்மா சீரியல் பார்க்கும் 60 ஹெர்ட்ஸ் டிவி இருக்கிறதே! கார்டு 144 ஃபிரேம் தள்ளினாலும் டிவி நிதானமாக 60-ஐத்தான் காட்டும். அதற்கும் முதலில் கேபிளைக் கார்டில் சொருக வேண்டும். நம்மாள் மதர்போர்டில் சொருகுகிறார். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. திரையில் ஒன்றும் வராது.

உடனே கடைக்கு போன்: "அண்ணா, டூப்ளிகேட் கார்டு குடுத்துட்டீங்க!"