யானைக்கும் பாம்புக்கும் பூசைத் தகராறு

கரு கிடைக்கவில்லை என்று நிலாவையே திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யும் கவிஞர்கள், திருப்பதியிலிருந்து காளத்திக்கு ஒருமுறை பஸ் ஏறலாம். அங்கே தலபுராணமே பிராணிகள் நடித்த நாடகம்.

பாம்பு மாணிக்கம் வைத்துச் சிவனைப் பூசிக்கும். யானை வரும், ‘எவன் இங்கே கல்லைக் கொட்டியது?’ என்று அதைத் தள்ளிவிட்டு, நீர் ஊற்றி வில்வம் சாத்தும். பாம்பு திரும்பி வந்து, ‘யார் போட்ட குப்பை இது?’ என்று கொதிக்கும். பக்தியில் இருவருக்கும் குறைவில்லை; விசாரிக்கும் வழக்கம்தான் இல்லை. கடைசியில் பாம்பு தும்பிக்கைக்குள் புக, யானை பாறையில் மோத, இருவருக்கும் மோட்சம். சிலந்தியோ தனி ஆவர்த்தனம்: தன் வலையை எரித்த விளக்குச் சுடரையே விழுங்கப் பாய்ந்தது. மூவர் பெயரும் சீகாளத்தி என்ற ஊர்ப்பெயருக்குள் ஏறிவிட்டது. கோயில் முதல் மரியாதைக்காகக் கோர்ட்டுக்குப் போகும் மனிதர்களுக்கு இந்த யோகம் இல்லை.

தெலுங்கில் தூர்ஜடி 16ஆம் நூற்றாண்டிலேயே இதைக் காவியமாக்கினார். தமிழில் சிவப்பிரகாசரும் சகோதரர்களும் சேர்ந்து சீகாளத்திப் புராணம் பாடினார்கள். புலவர்கள் கூட்டாக எழுதி முடித்ததே ஓர் அற்புதம். அதைத் தலபுராணத்தில் சேர்க்கவில்லை.

சித்தூர்ப் பக்கம் திரௌபதி கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அங்கே வியாசரைத் தாங்குவது கோமாளிதான். இந்த யானையையும் பாம்பையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள், விடியும்வரை கூட்டம் கலையாது.

2022 ஏப்ரலில் காளத்தி சித்தூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. பிராணிகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.