வீட்டுக்கு வந்த எக்ஸ்சேஞ்ச்

என் வீட்டில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடக்கிறது. டி.வி.க்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டிதான் அது. ஜூனியர் இன்ஜினீயர், லைன்மேன், பவர் ரூம் பொறுப்பாளர், புகார்ப் பிரிவு எழுத்தர் ஆகிய பதவிகள் அனைத்தையும் நானே வகிக்கிறேன். சம்பளம் கிடையாது, மாதா மாதம் நான்தான் கட்டுகிறேன். சந்தாதாரர் ஒரே ஒருவர்: என் அம்மா.

முன்பு இந்த எக்ஸ்சேஞ்ச் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கட்டடமாக இருந்தது. அங்கே ஓர் அறை நிறைய பேட்டரிகள். அவற்றிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம், இரண்டு செம்புக் கம்பிகள் வழியாக எந்நேரமும் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். யாராவது கூப்பிட்டால், மணியை அடிப்பதற்கென்று தனியாக 75, 80 வோல்ட் மாறுமின்சாரம் வேறு வரும். மழை நாளில் எங்கள் லைன்மேன் ஸ்டூலில் ஏறி வெறும் கையால் கம்பியைத் திருகிக்கொண்டிருப்பார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு கால் வரும். “ராங் நம்பராத்தான் சார் இருக்கும்” என்பார், கையை உதறிக்கொண்டே.

போனுக்கு வேண்டிய மூளையும் பலமும் அந்தக் கட்டடத்தில் இருந்தன. நம் வீட்டில் இருந்தது வாயும் காதும் மட்டும். கெட்டுப்போனால் 198-க்குச் சொல்ல வேண்டியது, பிறகு இலாகாவைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டியது. பழுது வேறொருவருடைய பொறுப்பாக இருப்பதில் எவ்வளவு பெரிய சுகம் இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

மழைநீர் வடிகால் வெட்ட வந்தவர்கள் அந்தச் சுகத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். பள்ளத்தில் எட்டிப் பார்த்த கம்பெனிக்காரர், “காப்பரை இனிமே யாரும் ஒட்ட மாட்டாங்க சார். ஃபைபருக்கு மாறிடுங்க. நம்பர் அதேதான். போன் ஃப்ரீ, நெட்டுக்கு மட்டும் கட்டினாப் போதும்” என்றார். வாழைப்பழம் இலவசம், தோலுக்குத்தான் காசு என்பது போல என் காதில் விழுந்தது.

“லேண்ட்லைனே எதுக்குங்க? அத்தைகிட்டதான் செல்போன் இருக்கே” என்றாள் என் மனைவி. இருக்கிறது. அம்மா அதை டார்ச்சாக வைத்திருக்கிறார். பேசுவதென்றால் ஜன்னலோர ஸ்டூலில் இருக்கும் போன்தான், பக்கத்தில் கிடக்கும் பிரம்பு நாற்காலிதான். அந்த நம்பர் சாதாரணமாக வந்ததுமில்லை. அப்பா விண்ணப்பம் போட்டபோது நான் அரைக்கால் சட்டை. அப்போது போனுக்கு வரிசை உண்டு. பணம் அதிகமாகக் கட்டி ஓ.ஒய்.டி.யில் பதிவு செய்தால் வரிசை கொஞ்சம் குறையும், எம்.பி. கோட்டாவில் ஒரு கடிதம் கிடைத்தால் இன்னும் குறையும். எங்களிடம் பணமும் இல்லை, எம்.பி.யும் இல்லை. போன் வந்து சேர்ந்த வருடம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த பிறகு அது தெருவின் சொத்தாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் தங்கள் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எங்கள் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று அச்சடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மாமாவுக்கு போன் வந்தால் நான் ஓடிப் போய்க் கூப்பிட வேண்டும். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் அந்தப் பக்கம் காத்திருப்பவருக்கு டிரங்க் காலின் மூன்று நிமிடம் முடிந்திருக்கும். பிற்பாடு வந்த கால் வெயிட்டிங், கால் ஃபார்வர்டிங் வசதிகளையெல்லாம் அந்த வயதிலேயே என் கால்களால் செய்து முடித்தவன் நான்.

ஃபைபர் போட வந்த பையன் கெட்டிக்காரன். தலைமுடி போல மெலிந்த கண்ணாடி இழையைச் சீவி, ஒட்டி, பெட்டியில் சொருகி, அரை மணி நேரத்தில் பச்சை விளக்கை எரியவைத்துவிட்டான். பெட்டியின் பின்பக்கம் போனுக்கென்று ஒரு துளை. அங்கிருந்து டி.வி.யைச் சுற்றி, கதவு நிலையில் ஏறி, ஜன்னல் ஸ்டூல் வரை ஒயர் இழுத்தவன், ஸ்டூலில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான். விரல் விட்டுச் சுற்றும் டயல் போன். முதலில் அதனுடன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். பிறகு, “இதை விக்கிறதா இருந்தா சொல்லுங்க சார்” என்றான்.

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. “எய்யா, அந்தத் தம்பிக்கு மோர் குடுத்தியே, அதுக்கும் காசு வாங்கிரு” என்றார்.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. டயல் போன் எண்களை ஒலியாக அனுப்புவதில்லை. 7 சுற்றினால் மின்சாரத்தை ஏழு தடவை விட்டு விட்டுத் தருகிறது. கட்டடத்தில் இருந்த எக்ஸ்சேஞ்சுக்கு அந்தப் பாஷை தெரியும். வெள்ளைப் பெட்டிக்கு பட்டன் போனின் ‘டூட் டூட்’ மட்டும்தான் புரியும். அதனால் அம்மாவுக்கு போன் வரும், அம்மாவால் யாரையும் கூப்பிட முடியாது. இரண்டு நாள் இந்த ஏற்பாட்டை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் பட்டன் போன் ஒன்று வாங்கினோம். இதில் அம்மாவுக்குமே உள்ளூர ஒரு சந்தோஷம் என்று நினைக்கிறேன். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் ஒரு சைபர் சேர்க்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். டயல் போனில் சைபர்தான் கடைசித் துளை. அதற்குப் பத்துத் துடிப்பு. முழுவட்டம் சுற்றி, அது ‘கிர்ர்’ரென்று திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பத்து இலக்கம். பேரனைக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்து, சுற்றி முடிப்பதற்குள் எதற்காகக் கூப்பிட வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டன் போன் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது, மறுநாள் காலை 9 மணி வரை. 9 மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை.

செம்பில் பேச்சும் போகும், கரண்டும் போகும். கண்ணாடியில் வெளிச்சம் மட்டும்தான் போகும். ஆகவே, இந்தப் போனுக்கு வேண்டிய மின்சாரத்தை நம் வீட்டு பிளக் பாயிண்ட்தான் தர வேண்டும். டயல் டோனைக்கூடப் பெட்டிதான் உற்பத்தி செய்கிறது. மணியடிக்கும் வோல்டேஜையும் அதுவேதான் தயாரிக்கிறது. பெட்டி கண்ணை மூடினால் எக்ஸ்சேஞ்ச் கதவடைப்பு.

என் அம்மாவுக்கும் அம்பாசமுத்திரத்துப் பெரியம்மாவுக்கும் இது எப்பேர்ப்பட்ட இழப்பு என்று வெளியாருக்குச் சொன்னால் புரியாது. 2012 வாக்கில் தமிழ்நாடு இருண்டு கிடந்ததே, அப்போது எங்களுக்குச் சென்னையில் இரண்டு மணி நேர வெட்டு என்றால் பெரியம்மா ஊரில் பகலில் பாதி, இரவில் பாதி. இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்து, விசிறியால் விசிறிக்கொண்டே லேண்ட்லைனில் பேசினார்கள். அவர்களுடைய உரையாடல் ‘கரண்டு இருக்கா?’ என்றுதான் தொடங்கும். இல்லை என்றால் ஆறுதல், இருக்கிறது என்றால் பொறாமை, இரண்டிலும் விஷயம் இருந்தது. இன்றைக்கு அந்தக் கேள்வியை லேண்ட்லைனில் கேட்க வழியே இல்லை. கேட்க முடிகிறது என்றாலே இரண்டு வீட்டிலும் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது ஹாலில் ஒரு ஃபேன், இரண்டு டியூப் லைட், அப்புறம் என்ன காரணத்தாலோ பாத்ரூம் கீசருக்கு மேலே இருக்கும் ஒரு விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பாய்கிறது. வீடு கட்டிய எலக்ட்ரீஷியனுக்கு டி.வி. சுவர் மேல் என்ன கோபமோ, அங்கே இன்வெர்ட்டர் லைன் இழுக்கவில்லை. இழுக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தேன். 12 வோல்ட், சோப்புப் பெட்டி அளவு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை நிறைய இருந்ததன் வாரிசு அது. இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். பெரியம்மா ஒரு கல்யாண வீட்டை விவரித்து முடிக்கப் போதாது.

மின்வாரியத்தையாவது அறிவிப்பைப் பார்த்துச் சமாளிக்கலாம். வீட்டுக்குள் இருக்கிறவர்களை என்ன செய்வது? வெளியே கிளம்பினால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவது எங்கள் குடும்பப் பண்பாடு. மனைவி அணைத்தால் எக்ஸ்சேஞ்ச் போயிற்று. மகன் செல்போனுக்குச் சார்ஜ் போட அடாப்டரைப் பிடுங்கினால் எக்ஸ்சேஞ்ச் போயிற்று. வீட்டு வேலைக்கு வரும் அக்கா பெட்டியில் தூசி தட்டினால் இழை மடங்கி, ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பிக்கும். உடனே ஜன்னலோரத்திலிருந்து குரல் வரும்: “எய்யா, போனு செத்துப் போச்சுல்லா!”

முதலில் ஓடி ஓடிப் பார்த்தேன். பதவி பழகப் பழக என் பேச்சு மாறிவிட்டதை நானே கவனித்தேன். “பார்க்கிறேம்மா”, “மெயின்லயே ஃபால்ட், வெளியே வேலை நடக்குது”, “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையா, நாளைக்குச் சொல்லுங்க”. ஒருநாள், “கம்ப்ளெயின்ட் எப்ப குடுத்தீங்க?” என்றுகூடக் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து மனைவி என்னைப் பேர் சொல்லாமல் “198” என்கிறாள். “அத்தை, 198 குளிக்கிறார், வந்ததும் சொல்றேன்.”

எல்லாம் எரிந்து, எல்லாம் பச்சையாக இருந்த ஒரு நாளிலும் புகார் வந்தது. “அக்கா பேசுதா, நிறுத்துதா, நிறுத்தினா ஒண்ணுமே கேக்கல. கெணத்துல கல்லைப் போட்டாப்பல இருக்கு.” செம்புக் கம்பியில் எப்போதும் ஒரு லேசான இரைச்சல் ஓடும். மழை பெய்தால் கொரகொர. அது இருக்கும்வரை அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று மனசு நம்பும். புதிய முறையில் பேச்சை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரி ஒட்டி அனுப்புகிறார்கள். யாரும் பேசாத நேரத்தில் துண்டு அனுப்பாமல் மிச்சம் பிடிப்பதும் உண்டு. அப்போது காதில் சுத்தமான சூனியம். ‘லைன் கட்டாகிவிட்டது’ என்று ஜனங்கள் போனை வைத்துவிடுகிறார்களாம். அதற்காக இன்ஜினீயர்கள் ரொம்பவும் யோசித்து, செயற்கையாக இரைச்சல் தயாரித்துக் காதில் ஊதுகிற ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். அதற்கு ‘கம்ஃபர்ட் நாய்ஸ்’ என்று பெயர் வேறு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டு இரைச்சலை ஒழித்தவர்கள், ஒழித்த கையோடு அதைத் திரும்பச் செய்து விற்கிறார்கள். எங்கள் பெட்டியில் அது இல்லை போலிருக்கிறது. அந்தக் குறையைப் பெரியம்மா தானே நிவர்த்தி செய்துவிட்டார். அவர் இப்போது நிறுத்துவதே இல்லை.

தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். தொழில், பிணம் அடக்கம் செய்வது. ஊர் டெலிபோன் ஆபரேட்டர் தன் தொழில் போட்டியாளரின் மனைவி என்றும், தனக்கு வரவேண்டிய அழைப்புகளையெல்லாம் புருஷன் கடைக்கே திருப்பிவிடுகிறாள் என்றும் அவருக்குச் சந்தேகம் வந்ததாகக் கதை. நடுவில் மனுஷரே வேண்டாம் என்று இயந்திரம் செய்து, 1891-இல் காப்புரிமை வாங்கினார். நடுவில் இருந்த ஆபரேட்டர் அதோடு ஒழிந்தார் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. உலகம் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

ஏனென்றால், போன மாதம் பெரியம்மா வீட்டிலும் ஃபைபர் போட்டுவிட்டார்கள். அங்கே எக்ஸ்சேஞ்ச் பொறுப்பு பெரியம்மா மகன், அதாவது என் அண்ணன். தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், எதையும் முறையாகச் செய்பவர். காலை பத்தரைக்கு அவர் எனக்கு செல்போனில் கூப்பிடுவார்.

“தம்பி, உங்க பக்கம் லைட்டு எப்படி?”

“பச்சைண்ணே. உங்க பக்கம்?”

“இங்கயும் பச்சைதான். கரண்டு?”

“இருக்கு. ரெண்டு மணிக்கு மேல சொல்ல முடியாது.”

“சரி, அப்போ அம்மாவை உக்கார வைக்கேன். சித்தியை எடுக்கச் சொல்லு.”

அவர் அங்கே பட்டனை அமுக்குவார், இங்கே மணியடிக்கும், அம்மா எடுப்பார். லைன் கிடைத்துவிட்டது என்று உறுதியாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் செல்போனில் காத்திருப்போம். “கேக்குதா?” “கேக்குது, கேக்குது.” அப்புறம்தான் நாங்கள் வைப்போம். கிழவிகள் இரண்டு பேரும் நாங்கள் வைத்த செல்போனிலேயே பேசிக்கொள்ளலாமே என்று என் மகன் கேட்டான். இலாகா விவகாரங்களில் வெளியாள் தலையிடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தீபாவளி வந்தது. முன்பெல்லாம் தீபாவளிக்கு லைன்மேன் வீட்டு வாசலில் நின்று தலையைச் சொறிவார், அம்மா ஒரு நோட்டும் கொஞ்சம் முறுக்கும் கொடுப்பார். அன்று காலை பெட்டியின் அடாப்டரைச் சரிபார்த்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்று, நானும் தலையைச் சொறிந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்காமலேயே சொன்னார்:

“போன செவ்வாக்கிழமை பூரா லைன் இல்ல. பழைய ஆளை வரச் சொல்லு, அவருக்குத் தாரேன்.”