மாமாவுக்கு எத்தனாவது இடம்?

(செகந்திராபாத், பத்மாராவ் நகர். மாமா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மருமானுக்கு ஹைடெக் சிட்டியில் ரியல் எஸ்டேட் ஆலோசகர் வேலை. பேச்சில் பாதி பட்டியல்தான்.)

மருமான்: மாமா, 2020 ஜனவரியில ஜேஎல்எல் கம்பெனி 130 நகரங்களை அலசிட்டு, உலகத்துலயே துடிப்பான நகரம் ஹைதராபாத்னு முதலிடம் கொடுத்தாங்க.

மாமா: அந்த அக்டோபர்லயே பார்த்தேனே! வெள்ளத்துல கார் எல்லாம் என்ன துடிப்பா போச்சு.

மருமான்: மழையெல்லாம் அதுல வராது.

மாமா: வேற எது வரும்?

மருமான்: பொருளாதாரம், ஜனத்தொகை, ஆபீஸ் இடம் எவ்வளவு போச்சு, வாடகை எவ்வளவு ஏறிச்சு...

மாமா: வாடகை ஏறினா மார்க்கா? அப்ப கட்டுப்படியாகாம எங்க மாடி வீட்டுக்காரர் காலி பண்ணிட்டுப் போனாரே, ஊருக்கு அவரால ஒரு மார்க் கூடியிருக்கும்.

மருமான்: கிண்டல் பண்ணாதீங்க. அளக்காம எப்படி வளர்றது?

மாமா: அளக்க வேண்டாம்னு யார் சொன்னா? 1908-ல மூசி ஆறு ஊரையே வாரிட்டுப் போனப்புறம் விஸ்வேஸ்வரய்யா வந்து அளந்தார். அதுக்கப்புறம்தான் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ரெண்டு ஏரியும் வந்தது. அவர் அளந்தது தண்ணியை. நீ அளக்கறது சதுர அடியை. சரி, மத்திய அரசும் ஒரு பட்டியல் போட்டதே?

மருமான்: வாழ்வதற்கு எளிதான நகரங்களா? 2021 மார்ச்ல வந்தது. சென்னை 4, கோயம்புத்தூர் 7...

மாமா: நம்ம ஊரு?

மருமான்: 24. அந்தக் கணக்குமுறையே சரியில்ல மாமா.

மாமா: முதல்ல வந்தா முறை சரியா இருந்திருக்கும்.

மருமான்: மெட்ரோவைப் பாருங்க, 69 கிலோமீட்டர்!

மாமா: பார்த்தேன். எம்ஜிபிஎஸ் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து 2020-லேயே நின்னுடுத்து. பழைய ஊருக்குள்ள ஃபலக்நுமா வரைக்கும் போறேன்னு சொன்ன அந்த அஞ்சரை கிலோமீட்டர் எந்தப் பட்டியல்ல இருக்கு? சார்மினார் படம் மட்டும் எல்லா அறிக்கைக்கும் அட்டையில வேணும்.

மருமான்: சரி, மெர்சர் கம்பெனி பட்டியல்? 2019-ல வாழ்க்கைத் தரத்துல புனேயும் நாமளும் இந்தியாவிலேயே முதலிடம்.

மாமா: உலகத்துல?

மருமான்: 143.

மாமா: யாரைக் கேட்டுப் போடறா இதை?

மருமான்: வெளிநாட்டு அதிகாரிகளை அனுப்பற கம்பெனிகளுக்கான பட்டியல் மாமா. ஊர் வாழ எவ்வளவு சிரமமோ, அவங்களுக்கு அவ்வளவு கஷ்டப்படி.

மாமா: கஷ்டப்படியா! சர்வீஸ் முழுக்க நான் இங்கதானே இருந்தேன்? அரியர்ஸோட கிடைக்குமா?

மருமான்: நீங்க உள்ளூர்க்காரர் மாமா.

மாமா: எதிர்வீட்டு ராவ்காரு இன்னிக்கும் எங்களை அரவவாள்ளு, அதாவது தமிழ்க்காரான்னுதான் சொல்றார். எதுக்கும் ஒரு தடவை எழுதிக் கேளேன்.