ஜெயித்தே தீரும் ப்ரீஆம்ப்

புதிதாக வந்திறங்கிய, விலை கூடிய ப்ரீஆம்பே, நீ வாழ்க! வீட்டுப் போட்டியில் நீ தோற்று நான் பார்த்ததே இல்லை. பழைய ப்ரீஆம்பில் ஒரு ராஜா பாட்டு ஓடும். பின்களைக் கழற்றி உன்னை மாட்டுவதற்குள் காதில் இருந்த பாட்டின் பாதி நினைவு போய்விடும். அடுத்த நிமிடம் நீ பாடுவாய். "அடேங்கப்பா, இப்பத்தான்யா பாஸே இறங்குது!" என்பார் கூட வந்த நண்பர். அங்கேயே தீர்ப்பு முடிந்தது.

அந்த வெற்றிக்கு நீ செய்த முதலீடு எவ்வளவு சிக்கனம்! அரை டெசிபல் சத்தம், வோல்ட் கணக்கில் ஆறு சதவீதம், அவ்வளவுதான். அந்த அளவு கூடினால் சத்தம் கூடியதாக யாருக்கும் தோன்றாது. தெளிவு கூடியதாகத்தான் தோன்றும். ஒலி மட்டம் ஏற ஏறக் காது பாஸைக் கூடுதலாக வாங்கும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து எழுதினார்கள். அந்த ஆராய்ச்சியை உன்னளவு பயன்படுத்திக்கொண்டவர் இல்லை.

உன் தாராளத்தையும் சொல்ல வேண்டும். சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்புகள் முழுத் திறனில் ஓட ஒன்றோ இரண்டோ வோல்ட் போதும். வந்ததை அப்படியே அனுப்பினாலே வேலை ஆகிவிடும். நீயோ கேட்காமலே பத்து மடங்கு பெருக்கித் தருகிறாய். வால்யூம் நாப் கால்வாசி திரும்புமுன்னே வீடு அதிர்கிறது, வாங்கியவர் பூரிக்கிறார். நாபின் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடமும் வலமும் ஒத்துப்போகாமல் பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். அதையும் உன் தனித்தன்மை என்று ரசிக்கிறார்கள்.

டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் சுவர், திரையில்லாத சன்னல்: அறை போடும் கூச்சலுக்கு முன் உனக்கும் பழையதற்கும் உள்ள வேறுபாடு எம்மாத்திரம்? ஆனாலும் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போக வேண்டிய பணத்தை நீயே வாங்கிக்கொண்டு, அவற்றின் பெயரையும் காப்பாற்றுகிறாய்.

நீ வந்து சேர்ந்த ஊரோ உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-இலும் 921-இலும் வெட்டியவை, இன்றும் இருக்கின்றன. ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன: பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தைக் குலுக்கி, உள்ளே இருப்பது அறியாத சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அப்படிப்பட்ட ஊரில், பெயரும் விலையும் எல்லோருக்கும் தெரிய, ஒரு கணக்கும் காட்டாமல் ஒருமனதாகத் தேர்வானாயே, அது லேசான சாதனையா?

ஒரே ஒரு போட்டிக்கு மட்டும் உன்னை இன்னும் யாரும் அழைக்கவில்லை. டோன் நாப்கள் நடுவில் நிற்க, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்து, உனக்கும் பழையதற்கும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைத் திருப்ப வேண்டும். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மாற்ற வேண்டும். ஒருமுறை போதாது, பலமுறை மாற்றி மாற்றிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பதிலை எழுதி வைக்க வேண்டும். மீட்டர் சில நூறு ரூபாய்தான். நீ வந்த அட்டைப்பெட்டியில் எல்லாம் இருந்தது, அந்த யோசனை ஒன்றைத் தவிர.